இருபதாவது வாரம்

அந்தப் பாரத்துல உங்க செல் நம்பரை எழுதிராதீங்க தம்பி. பேரு எழுதுங்க, ஊரு எழுதுங்க, வண்டி நம்பர் கேட்டா அதையும் எழுதுங்க. கீழ ‘எங்கள் உறுப்பினர் திட்டம் பற்றி அறிய விருப்பம்’னு ஒரு கட்டம் இருக்கு பாத்தியளா, அதுல மட்டும் டிக் போட்டுராதீங்க. போட்டா மத்தியானச் சாப்பாடு ஓசின்னு ஒரு ஹாலுக்குள்ள கூப்பிட்டு உக்கார வைப்பாங்க. நானும் அப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டவன்தான். பத்தொம்பது வருஷம் ஆச்சு, இன்னும் செரிக்கல.

ரூம் ரெண்டு மணிக்குத்தான் குடுப்பாங்க. உக்காருங்க. வீட்டம்மாவும் பிள்ளையளும் ஏரியைப் பாக்கப் போயிருக்காங்களா? நல்லது, போகட்டும். இந்த சோபாவுலயே உக்காருங்க, அந்தா கிடக்கதுல ஸ்பிரிங் குத்தும். இந்த லாபியில எனக்குத் தெரியாதது ஒண்ணும் கிடையாது. ஆறு நாளா இங்கனதான் இருக்கேன். தங்கல, இருக்கேன். தங்குதது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜுல. சீசன்னு சொல்லி ஒரு கட்டிலுக்குக் கொள்ளை வாடகை வாங்குதான் பாவி. காலைல ஏழரைக்கு இங்க வந்தா, சாயங்காலம் விளக்குப் போட்ட பொறவுதான் எந்திப்பேன்.

என் பொண்டாட்டி மேல இருக்கா. ரெண்டாவது மாடி, இருநூத்திப் பதினாலு. அந்த ரூமோட இருபதாவது வாரம் எனக்குச் சொந்தம். வருஷத்துக்கு அம்பத்திரெண்டு வாரம்லா, அதுல இருபதாவது. மே மாசம் நடுவுல வரும். அதாவது இந்த வாரம். வாரமும் என்னோடது, ரூமும் என்னோடது, பொண்டாட்டியும் என்னோடவ. ஆனா நான் மேல போக முடியாது. போனா கேஸ் போயிரும்.

என்னடா இது, வந்ததும் வராததுமா ஒரு கோட்டிகிட்ட மாட்டிக்கிட்டோமேன்னு பாக்கிய. கோட்டி இல்ல தம்பி, புத்தி சரியாத்தான் இருக்கு. பேரு ஆவுடையப்பன், பாளையங்கோட்டை. சார்பதிவாளர் ஆபீஸ்ல முப்பத்தொரு வருஷம். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, தான செட்டில்மென்ட்டு, எத்தனை பத்திரம் இந்தக் கை வழியாப் போயிருக்குங்கிய! எங்கிட்ட ஒரு கொள்கை உண்டு. எழுத்துல இல்லாதது எதுவும் இல்ல. வாய்ச்சொல்லை நம்பி வயலை விட்டவனை எல்லாம் பாத்தவன் நான்.

அப்படிப்பட்ட நான் எப்படி மாட்டினேன்னு கேளுங்க. ரெண்டாயிரத்து ஆறு. ஜங்ஷன் பக்கத்துல ஒரு ஹோட்டல்ல கூட்டம். புருஷன் பொண்டாட்டியா வரணும்னு சொல்லிட்டான், அதனால உலகம்மாளையும் கூட்டிட்டுப் போனேன். அதான் மேல இருக்காளே, அவதான். கோட்டு போட்ட ஒருத்தன் படம் படமாக் காட்டுதான். சார், நீங்க ஹோட்டல்ல ரூம் எடுத்தா வாடகை போயிரும், இது சொத்து சார், உங்க பேரன் வரைக்கும் வரும்ங்கான். சொத்துன்னு சொன்னதும் நான் நிமிந்து உக்காந்துட்டேன். இதுக்கு நாலெல்லை உண்டா, வில்லங்கம் எடுக்கலாமான்னு கேட்டேன். அவன் முழிச்சான். பொறவு, சனிக்கிழமை ரெண்டு மணியிலேருந்து அடுத்த சனிக்கிழமை பத்து மணி வரைக்கும், அதுதான் சார் எல்லைன்னான். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பதினாலு பக்கம் பத்திரம். ஒரு வரி விடாமப் படிச்சேன், ரெண்டு எழுத்துப்பிழையைக் கூடத் திருத்திக் குடுத்தேன்.

உலகு ஒண்ணும் படிக்கல. அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. ‘இங்கயா, இந்தக் கொடைக்கானல்லயா? இந்த ரூமா? நாம போயி இருக்கலாமா?’ன்னு கேட்டா. இருக்கலாம்டி, ஆயுசுக்கும் இருக்கலாம்னேன். அவ கல்யாணத்துக்கு முந்தி பள்ளிக்கூடத்துல டூர்னு இங்க கூட்டிட்டு வந்திருக்காங்க. ஒரு நாள்தான். மழை பிடிச்சு பஸ்ஸை விட்டு இறங்காமலே திரும்பிப் போயிட்டாங்களாம். அந்தக் குறை அவளுக்கு.

இந்தப் பத்திரத்தோட இன்னொரு சின்னப் புஸ்தகம் குடுத்தான் தம்பி. எக்ஸ்சேஞ்சு கம்பெனின்னு ஒண்ணு. ரிசார்ட் வேற, அது வேற. நம்ம வாரத்தை நாம அனுபவிக்காம அவன்கிட்ட டெபாசிட் பண்ணணும். வேற ஊர்ல வேற ஒருத்தன் டெபாசிட் பண்ணின வாரத்தை நமக்குத் தருவான். பண்டமாத்துதான். அதுக்கும் ஒரு கையெழுத்து. அதைப் படிச்சியளான்னு கேப்பிய. படிக்கல. எழுத்து எறும்பு சைசுல இருந்துச்சு, பந்தியில எலை போட்டுட்டான், அது கூட ஒரு சூட்கேஸ் வேற இனாமாக் குடுத்தான். போட்டுட்டேன். முப்பத்தொரு வருஷத்துல நான் படிக்காமப் போட்ட ஒரே கையெழுத்து அதுதான். எதிர்க்கட்சி வக்கீல் அந்த ஒண்ணை வச்சுத்தான் இன்னைக்கும் என்னைப் போட்டு ஆட்டுதான்.

முதல் வருஷமே உலகு கிளம்பிட்டா. ஸ்வெட்டர் வாங்கிட்டா, பக்கத்து வீட்டுல சாவி குடுத்துட்டுப் போவோம்னு சொல்லியாச்சு. நான்தான் யோசிச்சேன். ஏளா, கொடைக்கானலுக்கு என்ன, வத்தலக்குண்டுல பஸ் ஏறினா எவனும் வருவான். மே மாசத்து வாரம், இதுக்கு எவ்வளவு கிராக்கி தெரியுமா? இதை டெபாசிட் பண்ணினா கோவா போகலாம், சிம்லா போகலாம், கொஞ்சம் பொறுத்தா சிங்கப்பூரே போகலாம். கைல தங்கத்தை வச்சுக்கிட்டு உள்ளூர்ச் சந்தையில விப்பாங்களான்னு கேட்டேன். அவ ஸ்வெட்டரை மடிச்சு வச்சுட்டா.

டெபாசிட் பண்ணினேன். கோவா கேட்டேன், இடம் இல்ல. சிம்லா கேட்டேன், இடம் இல்ல. அடுத்த வருஷம் சேத்து வச்சுக் கேட்டேன், காத்திருப்புப் பட்டியல்ல இருக்கியன்னான். இப்படியே போகுது. எந்த ஊரு கேட்டாலும் இடம் இல்ல, ஆனா வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் மட்டும் டாண்ணு வந்துரும். ஒரே ஒரு தடவை குடுத்தான். ஐப்பசியில, அடைமழையில, கடற்கரைப் பக்கம் ஒரு இடம். ஏழு நாளும் மழை. கரண்டு கிடையாது. கதவு நீர் கோத்து உப்பிப்போயி, இழுத்து இழுத்துத் திறக்கணும். உலகு ஏழு நாளும் உப்புமா கிண்டினா. நான் அதையும் வெற்றின்னுதான் கணக்கு வச்சேன். பின்ன? வாங்குனோம்லா!

ஒவ்வொரு சித்திரைக்கும் அவ கேப்பா. ‘இந்த வருஷமாவது நம்ம ரூமுக்கே போவமா?’ இரு, அடுத்த வருஷம் பாப்போம், சேந்த வாரத்தை எல்லாம் வச்சு பெருசா ஒண்ணு போயிருவோம்னு சொல்லுவேன். நல்லதுக்குத்தானே தம்பி சொன்னேன்? எனக்கா சிங்கப்பூர் பாக்கணும்? அவளுக்காகத்தான்.

அப்பத்தான் எதிர்வீட்டுப் பல் டாக்டர் குடும்பத்தோட இங்க வந்துட்டுப் போனார். பிளம்ஸ் பழம் ஒரு கூடை கொண்டாந்து குடுத்தாங்க. எங்க டாக்டர் தங்குனியன்னு சும்மா கேட்டேன். இந்த ரிசார்ட் பேரைச் சொன்னார். நமக்கும் அங்க வாரம் இருக்கு டாக்டர், எந்த ரூம்னேன். இருநூத்திப் பதினாலு. என்னைக்கு? மே மாசம் இன்ன தேதிலேருந்து இன்ன தேதி. என்னோட வாரம்! நான் டெபாசிட் பண்ணின வாரம்! நீங்களும் மெம்பரா டாக்டர்னு கேட்டேன். அதெல்லாம் இல்லியே, இன்டர்நெட்டுல வாடகைக்குப் போட்டிருந்தான், பணத்தைக் கட்டினேன், ரூம் குடுத்தான்ங்காரு.

புரியுதா? மெம்பருங்க தங்களுக்குள்ள மாத்திக்கிடதுக்குன்னு நாங்க குடுத்த வாரத்தை, கம்பெனிக்காரன் வெளி ஆளுக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கான். எங்களுக்கு இடம் இல்ல, இடம் இல்லன்னு பாட்டுப் பாடுதான். எனக்கு ரத்தம் கொதிச்சுட்டு. அந்த நேரத்துல உலகு என்ன செஞ்சா தெரியுமா? டாக்டர் சம்சாரத்தைப் பாத்து, ‘அந்தப் பால்கனியில காலைல வெயில் வருமா?’ன்னு கேக்கா. அவளுக்கு விஷயத்தோட கனமே புரியல பாத்துக்கோங்க. சண்டை போட வேண்டிய இடத்துல வெயில் வருதான்னு ஒரு கேள்வி!

கேஸ் போட்டேன். நுகர்வோர் கமிஷன்ல. அஞ்சு வருஷமா நடக்கு. என்னை மாதிரி ஏமாந்தவங்களை எல்லாம் தேடிப் பிடிச்சு சங்கம் ஒண்ணு வச்சேன், பதினேழு பேரு. வாய்தா, வாய்தா, வாய்தா. ஒரு தடவை அவன் வக்கீல் வரல, ஒரு தடவை நம்ம வக்கீல் வரல, ஒரு தடவை ரெண்டு பேரும் வந்தாங்க, விசாரிக்க வேண்டிய கமிஷன் உறுப்பினர் வரல. பரவால்ல. நான் ஒரு வாய்தா விட்டதில்ல. காய்ச்சல்லயும் போயிருக்கேன்.

கேஸ் போட்ட வருஷம் உலகு சொன்னா, ‘சரி, இனி டெபாசிட் பண்ண வேண்டாம், நாம போயிருவோம்’னு. எப்படிப் போறது? வழக்கு நடக்கையில நாம போயி ரூமை அனுபவிச்சா, வாதிக்கு நஷ்டமே இல்லன்னு சொல்லிருவான்லா? வழக்குப் போட்ட அன்னைக்கு இருந்த நிலைமை அப்படியே இருக்கணும். அதனால வருஷா வருஷம் டெபாசிட் பண்ணினேன். அவன் வருஷா வருஷம் வாடகைக்கு விட்டான். நான் வருஷா வருஷம் அந்த இன்டர்நெட் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து ஃபைல்ல சேத்தேன். சாட்சியம்! இந்தா இருக்கு பாருங்க, மடியை விட்டு இறக்க மாட்டேன்.

கமிஷன்ல ஒரு தடவை சமாதானமாப் போறியளான்னு கேட்டாங்க. இனிமே உங்க வாரத்தை நீங்களே வச்சுக்கிடுங்க, கூட ரெண்டு வருஷம் பராமரிப்பு தள்ளுபடின்னு கம்பெனிக்காரன் இறங்கி வந்தான். உலகு என் கையைப் பிடிச்சு, சரின்னு சொல்லுங்கன்னா. நான் முடியாதுன்னுட்டேன். தப்பு செஞ்சேன்னு அவன் எழுத்துல குடுக்கணும். அதுதானே தம்பி கேட்டேன்? ஒரு வரி!

அன்னைக்கு பஸ்ல வரும்போது அவ ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தா. வீட்டுக்கு வந்து சோறு போட்டுட்டுச் சொன்னா. ‘கேஸ் உங்களுக்கு, ரூம் எனக்கு. பாகப்பிரிவினை ஆயிட்டு.’ நான் சிரிச்சேன். என்கூட இத்தனை வருஷம் இருந்ததுல அவளுக்கும் பத்திர பாஷை வந்துட்டுன்னு நினைச்சேன்.

எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆச்சு. செல்லைப் பாக்கக் கூடாதுன்னுட்டாங்க. அதனால அந்த இன்டர்நெட் பக்கத்தை எடுத்து வாசிக்க உலகுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். இங்க தட்டு, தேதியைப் போடு, ரூமைத் தேடு, வாடகை என்ன போட்டிருக்கான்னு வாசி. நல்லாத்தான் வாசிச்சா. அதுக்குக் கீழ ‘பதிவு செய்க’ன்னு ஒண்ணு இருக்கும்லா. அதைத் தட்டக் கூடாதுன்னு நான் சொல்லல. சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல.

போன சனிக்கிழமை காலைல எந்திச்சுப் பாக்கேன், அவ குளிச்சு, சேலை மாத்தி, பையோட நிக்கா. அந்த இனாம் சூட்கேஸு! எங்க கிளம்பிட்டன்னேன். கொடைக்கானலுக்குன்னா. எங்க தங்குவ? நம்ம ரூம்ல. அது எப்படி முடியும், டெபாசிட்ல இருக்குல்லான்னேன். ‘வாடகைக்கு எடுத்திருக்கேன். சீட்டுக் காசு இருந்துச்சு. வாரியளா?’ன்னு கேட்டா.

வாரியளான்னு கேக்கா தம்பி! அடி பாதகத்தி! எவன் மேல நான் கேஸ் போட்டிருக்கேனோ, அவன்கிட்டப் போயி, எந்த வாரத்துக்காக கேஸ் போட்டிருக்கேனோ அதையே, வாடகை குடுத்து எடுத்திருக்கா. வாதியோட சம்சாரம்! எதிர்க்கட்சி வக்கீலுக்கு இது தெரிஞ்சா என்ன ஆகும்? நான் கத்தினேன். வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவ ஆட்டோவுக்கு நேரமாச்சுன்னு போயிட்டா. முட்டு வலிக்காரி, வாசப்படி இறங்க அஞ்சு நிமிஷம் ஆக்குவா. அன்னைக்கு ஓடுதா!

அறுவது வயசுக்கு மேல பொம்பளையைத் தனியா மலைக்கு அனுப்பிட்டு நான் வீட்டுல இருக்க முடியுமா? மறுநாளே ஃபைலை எடுத்துட்டு வந்துட்டேன். நேரா அந்தப் பிள்ளைகிட்டப் போயி, வரவேற்புல இருக்கே கண்ணாடி போட்ட பிள்ளை, அதுகிட்ட, இருநூத்திப் பதினாலு என் ரூம்னேன். அது கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, ‘உங்க பேரு புக்கிங்ல இல்லையே சார், உலகம்மாள் மேடம் மட்டும்தான் இருக்காங்க’ன்னுச்சு. நான்தாம்மா உடைமைக்காரன்னு பத்திரத்தைக் காட்டினேன். அது பாவம், மேல ஃபோன் போட்டுக் கேட்டுச்சு. உலகு உடனே வரச் சொல்லுங்கன்னுட்டா. நான் படி ஏறப் போனேன். ஒரு நிமிஷம் சார், இதுல ஒரு கையெழுத்துன்னு ஒரு தாளை நீட்டுச்சு.

வாங்கிப் படிச்சேன். இந்தத் தடவை கண்ணாடியோட, நின்னு, படிச்சேன். ‘இந்த வாரத்தை வாடகைக்குப் பெற்றவரின் விருந்தினராகத் தங்குகிறேன். வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் விதிகளை ஏற்கிறேன்.’ எப்படி இருக்கு? என்னோட ரூமுக்கு நான் விருந்தாளியாம்! அவன் வாடகைக்கு விட்டது சரின்னு நானே ஒத்துக்கிடணுமாம்! அதுல நான் ஒரு கையெழுத்துப் போட்டா அஞ்சு வருஷக் கேஸ் அந்த நிமிஷமே செத்துப் போகும். வக்கீலுக்கு ஃபோன் போட்டேன். எடுக்கல. மே மாசம் லீவு, எந்தக் குளத்துல குளிச்சுக்கிட்டு இருக்காரோ.

கையெழுத்து இல்லாம மேல விட மாட்டாங்க. கையெழுத்து நான் போட மாட்டேன். உலகை விட்டுட்டு ஊருக்குப் போகவும் மனசு வரல. அன்னைக்கு உக்காந்தவன்தான் இந்த சோபாவுல.

தினம் காலைல எட்டு மணிக்கு அவ பையப் பைய இறங்கி வருவா. ஃபிளாஸ்க்குல காபி கொண்டாருவா. முதல் நாள் கேட்டேன், காபித்தூள் யாரோடதுன்னு. நம்ம வீட்டுதுன்னா. பால்? ரிசார்ட்ல குடுக்காங்கன்னா. வேண்டாம்னுட்டேன். மறுநாளிலேருந்து கடையில போயி ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்து போட்டா, அதுக்குப் பொறவு குடிச்சேன். அவ ஏரியைச் சுத்தி நடக்கப் போவா. நீங்களும் வாரியளான்னு கேப்பா. நான் போயிட்டா, அந்த நேரம் பாத்து மேனேஜர் வந்துட்டா? அவர்கிட்ட ஆட்சேபணையோட கையெழுத்துப் போடலாமான்னு கேட்டு மனு குடுத்திருக்கேன். அவர் வருவாரு வருவாருங்காங்க, வந்த பாடில்ல.

முந்தாநாள் கால் மரத்துப் போச்சேன்னு வெளிய தோட்டத்துல நின்னேன். நிமிந்து பாத்தா ரெண்டாவது மாடியில உலகு நிக்கா. பக்கத்து ரூம் பால்கனியில ஒரு பொம்பளை, அவகூடப் பேசிக்கிட்டு இருக்கா. என்னமோ சொல்லி ரெண்டு பேரும் சிரிக்காங்க. உலகு பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கா தம்பி, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. அவ அப்படிச் சிரிச்சு நான் எத்தனையோ வருஷம் பாத்ததில்ல. எனக்கு அழுகை வந்துட்டு. பொய் சொல்லல, நின்ன இடத்துலயே வந்துட்டு. இவ்வளவு துரோகம் பண்ணிட்டு எப்படி இவளால சிரிக்க முடியுதுன்னு.

சரி, சனிக்கிழமை பத்து மணிக்குக் காலி பண்ணித்தானே ஆகணும், இறங்கி வருவால்லா, கூட்டிட்டுப் போயிருவோம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். நாளைக்குத்தான் சனிக்கிழமை. இன்னைக்குக் காலைல காபியைக் குடுத்துட்டு அவ நகரல. பக்கத்துலயே உக்காந்தா. நீங்க உக்காந்திருக்கிய பாருங்க, அங்கனதான்.

‘நான் இன்னும் ஒரு வாரத்துக்கு எடுத்திருக்கேன்’னா.

என்னளா சொல்லுதன்னேன்.

‘அதே ரூம்தான். ஆனா இது இருபத்தியோராவது வாரம். நம்ம வாரம் இல்ல. உங்க கேஸ்ல இந்த வாரம் கிடையாது. நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல நீங்க கையெழுத்துப் போட்டா உங்க கேஸுக்கு ஒண்ணும் ஆகாது. நல்லா யோசிச்சுத்தான் எடுத்தேன். ஒரு தடவை, என்கூட வந்து அங்க உக்காருங்க. வேற ஒண்ணும் கேக்கல.’

நான் ஆடிப் போயிட்டேன். சட்டப்படி பாத்தா அவ சொல்லுதது நூத்துக்கு நூறு சரி. எந்த வக்கீலுக்கும் தோணாத பாயிண்டு. என் கையை வேற பிடிச்சுக்கிட்டா. கை ஜில்லுன்னு இருந்துச்சு. அவ முகத்தைப் பாத்தேன், பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கா. நான் ஃபைலைத் திறந்தேன்.

என்ன தம்பி அப்படிப் பாக்கிய? திறக்காம எப்படி? நம்ம வாரம் இல்லன்னா அது வேற யாரோ ஒருத்தரோட வாரம்லா? அவரும் டெபாசிட் பண்ணி ஏமாந்தவராத்தானே இருப்பார்? சங்கத்துல எல்லாரோட ரூம் நம்பரும் வார நம்பரும் நான் எழுதி வச்சிருக்கேன். விரலை வச்சுத் தேடினேன். இருநூத்திப் பதினாலு, இருபத்தியொண்ணு. இருந்துச்சு. ஞானசிகாமணி சார், நாகர்கோவில், ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். எங்க சங்கத்து ஆளு! நிமிந்து இதை உலகுகிட்டச் சொல்லலாம்னு பாத்தா, அவ லிஃப்டுக்குள்ள போயிட்டா. ஃபிளாஸ்க்கைக் கூட எடுக்கல. இந்தா இருக்கு.

நியாயத்தை நீங்களே சொல்லுங்க. சங்கத்தை ஆரம்பிச்சவன் நான். என் வாரத்துல இன்னொருத்தன் வாடகைக்கு இருந்தான்னு ஊரைக் கூட்டினவன் நான். இப்ப நானே போயி அவர் வாரத்துல கால் நீட்டிப் படுத்தா அது அடுக்குமா? உடனே அவருக்கு ஃபோன் போட்டேன். ரெண்டு வருஷமா அவர் கூட்டத்துக்கு வாரதில்ல, ஆனாலும் சொல்லணும்லா. விஷயத்தை எல்லாம் விவரமாச் சொன்னேன். உங்க வாரத்தையும் வாடகைக்கு விட்டுட்டான் சார், எடுத்தது யாருன்னா என் சம்சாரம்தான், மன்னிக்கணும்னு சொன்னேன்.

அவர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டார். பொறவு சொன்னார். ‘என் வீட்டுல அவ போயி ரெண்டு வருஷம் ஆகப்போகுது ஆவுடையப்பன். அந்த வாரத்தைப் பத்தி நான் நினைக்கதே இல்ல. உங்க வீட்டம்மா அங்க இருக்காங்கன்னு கேக்க எனக்கு சந்தோஷமா இருக்கு. நீரும் போயி இரும். இப்பவே போம்.’

எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு தம்பி. அந்தம்மா போன சேதியே எனக்குத் தெரியாது. எவ்வளவு பெரிய மனசு பாருங்க அந்த மனுசருக்கு. ரொம்ப நன்றி சார், இதை ஒரு வரி எழுத்துல மட்டும் அனுப்பிருங்கன்னேன். வாசகமும் நானே சொல்லிட்டேன், அவருக்குச் சிரமம் வேண்டாம்னு. ‘எனக்குப் பாத்தியப்பட்ட இருபத்தியோராவது வாரத்தில் திருமதி உலகம்மாளும் அவர் கணவரும் தங்கிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.’ கீழ கையெழுத்து, தேதி. தாள்ல எழுதி ஃபோட்டோ பிடிச்சு அனுப்பினாப் போதும்.

அவர் ஃபோனை வச்சுட்டார். பேனா தேடப் போயிருப்பார். எட்டரைக்குப் பேசினது. இப்ப மணி என்ன, ஒண்ணே முக்காலா?

உங்க ரூமும் ரெண்டாவது மாடிதானே? போறப்ப இருநூத்திப் பதினாலுல ஒரு தட்டு தட்டி இந்த ஃபிளாஸ்க்கைக் குடுத்துருங்க தம்பி. உங்க வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று கேட்டிருக்காரு, அது வந்ததும் வந்துருவாருன்னு சொல்லுங்க.